மஞ்சள் டப்பா

பத்துக்குப் பதினாறு அடி வீட்டில்
அதற்கும் ஓர் இடம் வேண்டும்.

ஃபிரிட்ஜுக்குப் பின்னால் என்றார் முதலில்.
பிறகு பீரோவின் மேல்.
பிறகு பாய்ச் சுருட்டுக்குள்.
ஒரு மழைநாளில் பாயை உதறினேன்.
அன்று இரவு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஏ.டி.எம்.களுக்குப் பணம் கொண்டுபோகும் வண்டியில்
தயாளனுக்கு இடது ஓர சீட்டு.
துப்பாக்கி சொந்தம், லைசென்ஸ் சொந்தம்,
வாங்கிய கடனும் சொந்தம்.
துப்பாக்கி இருந்தால்தான் வேலை.
ஆகவே எங்கள் சோறு
இரண்டு குழாயும் ஒரு மரக்கட்டையுமாக
கொருக்குப்பேட்டை கேட்டில்
கூட்ஸ் வண்டி போகக் காத்து நின்று
ஏழரைக்கு
தோளில் தொங்கிக்கொண்டு வீடு வரும்.

பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்திவைப்பேன்.
அவர் நடுவில் மடித்து
இரண்டு குழாய் வழியாகவும்
டியூப்லைட்டைப் பார்ப்பார்.
வெளிச்சம் தெரியுதா?
தெரியுது.
அப்புறம்தான் உள்ளே விடுவேன்.

மூலக்கொத்தளம் பட்டறையில் சொல்லிச் செய்த
இரும்புப் பெட்டி,
சுவரோடு நாலு போல்ட்.
தோட்டாக்கள் தனியாக, தையல் மெஷின் டிராயரில், பூட்டி.
பெட்டிச் சாவி
பிளாஸ்டிக் கவரில் சுற்றி
மஞ்சள்தூள் டப்பாவின் அடியில்.
குழம்பு வைக்கிற கை தவிர
வேறு கை போகாத இடம் என்று
எனக்குக் கொஞ்சம் பெருமை.

தீபாவளிக்கு முந்தின வாரம்
எம்.சி. ரோடு நெரிசலில்
ரோல் கேப் துப்பாக்கி கேட்டு
தரையில் உட்கார்ந்துவிட்டான் லோகு.
நாத்தனார் வாங்கிக் கொடுத்தாள்.
வழியெல்லாம் சுட்டுக்கொண்டே வந்தான்,
பால் பூத்தை, படுத்திருந்த நாயை,
எண்ணூர் பக்கம் போகிற கன்டெய்னர் லாரிகளை
ஒன்று விடாமல்.
வீட்டுக்குள் வந்து
ஹேமாவின் நெற்றிக்கு நேராக நீட்டினான்.
டப்.
கந்தக வாசம்.

அறைந்துவிட்டேன்.
பொம்மதான அண்ணி, என்றாள் நாத்தனார்.

அவன் அழவில்லை.
"நெசத்த எடுத்தனா நான்?
மஞ்ச டப்பால சாவி கீதுன்னு தெரியும்.
எடுத்தனா?"

அடுப்பில் என்ன கொதித்தது என்று
இப்போது நினைவில்லை.
அவன் கையைப் பிடித்து
நகக்கண் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.
கேப் கரி மட்டும்தான்.
பின்னால்
ஹேமா விரல்களை மடக்கிக்கொண்டாள்.

அவர் வரும்வரை
யாரும் எதுவும் பேசவில்லை.
அவரும் கத்தவில்லை.
தரையில் உட்கார்ந்தார், யூனிஃபார்மோடு.
எதுக்கும்மா தொறந்த?

"நீ பாப்ப இல்ல, வெளிச்சம் தெரியுதான்னு.
அன்னிக்கு நீ பாக்காம தூங்கிட்ட.
அதான் நான் பாத்தேன்."

எப்படிப் பாத்த?

நின்று காட்டினாள், பெருக்குமாறை வைத்து.
மடிக்கவில்லை அவள்.
அவளுக்கு மடிக்கத் தெரியாது.
முனையைக் கண்ணோடு ஒட்டி,
மற்றக் கண்ணை மூடி.
"தெரியலப்பா. இருட்டா இருந்துச்சு."

பதினொரு வயது.
அன்றைக்கு தோட்டா டிராயரில் இருந்ததா
என்று அவர் யோசித்தார்.
நான் பார்த்தேன், அவர் யோசித்ததை.
ரொம்ப நேரம் யோசித்தார்.

பெட்டிக்கு இப்போது நம்பர் பூட்டு.
நம்பர் அவர் தலைக்குள்.
லோகு ஒப்பிக்கிறான்:
பார்த்தால் தொடமாட்டேன், வெளியே போவேன்,
பெரியவங்ககிட்ட சொல்வேன்.
ஒப்பிப்பதை நான் நம்புவதில்லை.
பூட்டைத்தான் இழுத்துப் பார்க்கிறேன், தினம்.

டி.வி. பார்க்க வருகிற இம்தியாஸின் அம்மாவிடம்
குழாயடியில் போய்ச் சொன்னேன்:
எங்க வீட்ல துப்பாக்கி இருக்கு ஷகிலா.
பூட்டித்தான் இருக்கு.
அனுப்பறதும் அனுப்பாததும் உன் இஷ்டம்.
குடம் நிரம்பி வழிந்தது.
அவள் குழாயை மூடிவிட்டுச் சொன்னாள்,
"நீ வீட்ல இருக்கறப்போ அனுப்பறேன்."

டப்பாவில் இப்போது மஞ்சள் மட்டும்.
ஆனாலும் ஒவ்வொரு முறையும்
ஸ்பூன் அடிவரை போகிறது,
தகரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான்
மேலே வருகிறது.