ஐயம் எழுந்தால்

வினாத்தாளின் நெற்றியில் ஒரு வரி இருக்கும்:
ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது.
பத்தொன்பது ஆண்டுகளாக அந்த வரியையும்
நான்தான் தமிழில் எழுதுகிறேன்.

எங்கள் சட்டப் பள்ளி
கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறது, காலாப்பட்டில்.
ஜன்னல் கம்பிகளில் சவுக்கு ஊசிகள்.
உப்புக் காற்றில் ஊதிப்போன குற்றவியல் நூல்கள்
அலமாரியை விட்டு வர மறுக்கும்.
முன்பு ஊருக்குள் இருந்ததாம்,
மஞ்சள் சுவரும் ஆளுயரம் தாண்டிய கதவுமாக.
அப்போது இரண்டு மொழி என்றால் பிரெஞ்சும் தமிழும்.
இப்போது இரண்டு மொழி என்றால் ஆங்கிலமும் தமிழும்.
முதலாவது மாறிவிட்டது.
இரண்டாவது இரண்டாவதாகவே இருக்கிறது.

நூலகத்தின் கீழ்த்தட்டில் அட்டை போன ஒரு பதிவேடு.
சாதி வழக்கை விட்டுவிட்டு
பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வந்தவர்களின் கையெழுத்துகள்.
ரெனோன்சான் என்பார்கள். துறந்தவர்.
காவி இல்லை, கமண்டலம் இல்லை.
நொத்தேர் நீட்டிய பேனா,
அன்று மாலைக்குள் தேடிப் பிடித்த ஒரு குடும்பப் பெயர்,
அவ்வளவுதான் துறவு.

அந்த வம்சத்து லெயோன் சவரிநாதன்
எங்களுக்குச் சொத்துரிமை எடுத்தார்.
பாகப்பிரிவினையில் சிக்கல் வந்தால்
பிரெஞ்சில் முணுமுணுப்பார்,
ஆங்கிலத்தில் கரும்பலகையை நிரப்புவார்,
"புரியலன்னா போயி டீ குடிச்சிட்டு வா" என்பார் தமிழில்.
டீ குடித்து வந்தால் புரிந்திருக்கும்.

ஒரு நவம்பர்.
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிய நாள்.
மின்சாரம் போவதற்குள் முடிக்கிற அவசரத்தில்
ஒப்பந்தச் சட்டம், நான்காம் கேள்வியில்,
மறுபயன் என்று இருக்க வேண்டிய இடத்தில்
பரிசீலனை என்று எழுதிவிட்டேன்.
ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்.
அது என் சாக்கு.

"பரிசீலனை இல்லாத ஒப்பந்தம் செல்லாது. விளக்குக."

தமிழில் எழுதிய முப்பத்தொரு பேரில்
முப்பது பேர் மேலே இருந்த ஆங்கிலத்தைப் பார்த்து
மனப்பாடமாய் வைத்திருந்த மறுபயனை இறக்கினார்கள்.
நல்லவாட்டு அஞ்சாலாட்சி மட்டும்
என்னை நம்பினாள்.

நான்கு பக்கம்.
பிரிவு எண் இல்லை, தீர்ப்பு இல்லை.
அப்பா போட்டுக்கு இன்ஜின் வாங்கிய கடன்.
படிக்க விடாமல் புரட்டிய ஒன்பது தாள்.
ஒவ்வொரு மூலையிலும் நீல மையில் கட்டைவிரல்.
மை துடைக்க அவர்களே கொடுத்த துணி.
"துணி நல்ல துணி" என்றும் எழுதியிருந்தாள்,
எதற்காகவோ.
கடைசி வரி: யாரும் பரிசீலிக்கவில்லை, ஆகவே செல்லாது.

திருத்தியவர் நெற்றி வரியை எனக்கே காட்டினார்.
நியாயம்தான். பூஜ்யம் போட்டார்,
வட்டம் சரியாகச் சேராமல் வாய் திறந்த பூஜ்யம்.

பிழை என்னுடையது என்று
தேர்வு அலுவலகத்துக்கு எழுதினேன்.
ஆங்கிலத்தில் எழுதினேன், வேகமாகப் படிப்பார்கள் என்று.
ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது, ஒற்றை வரி:
தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. மாற்றம் இல்லை.
அதே ஆங்கிலச் சொல்.
என் இரண்டு தமிழுக்கும் வயிற்றில் இடம் வைத்திருக்கும் சொல்.

ஏப்ரலில் அரியர் எழுதினாள்.
அரைப் பக்கம். மறுபயன், அதன் மூன்று இலக்கணம், ஒரு வழக்கு.
அப்பா இல்லை. துணி இல்லை.
பத்துக்கு ஏழு.

நேற்று இந்த ஆண்டின் தாளை முடித்தேன்.
நெற்றி வரிக்கு வந்தபோது
இறுதியானது என்ற சொல்லுக்கு முன்னால்
விரல் நின்றது.
சவுக்கு அசைகிற சத்தம்.
ஐயம் எழுந்தது.

எழுதி, உறையில் போட்டு, அரக்கு வைத்தேன்.