முனிர்கா மொட்டைமாடி, ஜூலை

மின்சாரம் போய் ஒன்றேகால் மணி நேரம்.
ஃபிரிட்ஜைத் திறக்காதே என்று கத்திக்கொண்டே
அமலோற்பவன்தான் திறந்தான்.
மூன்று பாட்டில்.
இனியும் காத்திருந்தால் மூன்றும் கஷாயம்.

மாடித் தரை இன்னும் பகலை விடவில்லை.
செருப்பைக் கழற்றி அதன்மேல் உட்கார்ந்தோம்.
கீழே சந்தில் யாருடைய ஜெனரேட்டரோ
யாருடைய தூக்கத்துக்காகவோ இருமிக்கொண்டிருந்தது.

எதில் ஊற்றுவது என்பதில் சண்டை.
குமணனிடம் கைப்பிடி வைத்த கண்ணாடிக் குவளை,
வேலையை விட்டுப் போனவர் மேசையிலிருந்து
எடுத்து வந்தது.
அமலோற்பவனிடம் இரட்டைச் சுவர் பிளாஸ்க்,
எத்தனை கழுவினாலும் ரசம் மணக்கும்.
என்னிடம் எவர்சில்வர் டம்ளர்.
விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாய் வெட்டிய பெயர்:
பெ. சுடர்க்கொடி, 9-6-2003.
அவள் யாரென்று எங்கள் வீட்டில்
யாருக்கும் தெரியாது.

யாருடையது கடைசிவரை ஜில்லென்று நிற்கிறதோ
அவனுக்கு நாளைக்குத்
தண்ணீர் லாரி வரிசை கிடையாது.

அளப்பதற்குக் காய்ச்சல் மானி.
கக்கத்தில் வைப்பதை பீரில் வைத்தோம்.
முப்பதுக்குக் கீழே அதற்கு உலகமே இல்லை.
மூன்றுக்கும் 'லோ' என்றது.
பிறகு உதடுதான் கருவி.

அமலோற்பவன் ஏசி மெக்கானிக்.
இன்று மட்டும் வசந்த் குஞ்சில் பதினோரு அறைகளைக்
குளிர வைத்துவிட்டு வந்தவன். சொன்னான்:
குளிர்னு ஒண்ணு வெளிய போறதே இல்லடா.
சூடுதான் உள்ள வருது.
உன் டம்ளர் வாசக்கதவத் திறந்தே வச்சிருக்கு.
கண்ணாடி யாருன்னு கேட்டுட்டு விடும்.
இதுல ரெண்டு சுவருக்கு நடுவுல காத்தே கிடையாது,
வர்றதுக்குப் படி இல்ல.

என் டம்ளர் அதற்குள் வேர்த்துக் கொட்டியது.
நல்லதுதானே, வேர்த்தா ஆறும் என்றேன்.
மடையா, அது பீரோட வேர்வையா?
காத்துல இருக்கிற ஈரம் வந்து ஒட்டுது.
ஒட்டும்போது தன் சூட்ட
உன் தலையில இறக்கி வச்சிடுது.
சுடர்க்கொடியின் கடைசி எழுத்திலிருந்து ஒரு சொட்டு
என் லுங்கியில் விழுந்தது.

அப்போது குமணனுக்கு போன்.
குவளையைத் தொட்டிக் கட்டையில் வைத்துவிட்டு
எழுந்து போனான்.

ஆமாக்கா. சாப்பிட்டேன்.
இல்லக்கா, இங்க எங்க வெயிலு,
ரூம்ல ஏசி போட்டிருக்காங்க.
ராத்திரி போர்வை கேக்குதுன்னா பாத்துக்கயேன்.

அமலோற்பவன் சிரிக்கவில்லை.
பிளாஸ்க்கின் வாயைப் பார்த்தபடி இருந்தான்.
நான் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.
பிடித்திருந்தது
அவன் திரும்பி வந்து உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

மூன்றையும் வரிசையாக உதட்டில் வைத்துப் பார்த்தோம்.
பிளாஸ்க் காலி.
பேச்சுவாக்கில் குடித்துவிட்டிருந்தான்.
காலி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் குளிராக இருக்கும்,
செல்லாது என்றோம்.
குமணன் தொடாமல் விட்ட கண்ணாடியில்
கொஞ்சம் மிச்சமிருந்தது ஜில்.
என்னுடையது என் உள்ளங்கையின் சூட்டில்
எனக்கே கிடைத்தது.

கரண்ட் வந்தது.
நாலு பக்கத்துச் சுவரிலும் ஏசிப் பெட்டிகள் உதறி எழுந்து
தங்கள் அறைச் சூட்டையெல்லாம்
எங்கள் பக்கம் ஊதின.
நாலரைக்கு எழுப்பு என்றேன்,
குடம் எங்கே இருக்கிறது என்றும் கேட்டுவைத்தேன்.