நூற்றுக்கு இரண்டு

தோட்டப்பாளையம் ஸ்கேன் சென்டர், மாடி அறை.
ஆறு ஹார்ட் டிஸ்க், மதியம்தான் பெட்டி பிரித்தது.
ஒன்றில்கூட ஓர் எலும்பின் படம் இல்லை.
ஆனாலும் திரை சொல்கிறது:
ஒத்திசைவு, நூற்றுக்கு ஒன்று புள்ளி நான்கு,
இன்னும் இரண்டாயிரத்துச் சொச்சம் நிமிடம்.

எதை எதோடு ஒத்துப் பார்க்கிறாய்,
சுழியத்தைச் சுழியத்தோடா?

வேகத்தின் கீழ்வரம்பு ஆயிரம் என்றிருந்தது.
யாராவது கேட்டால் ஒதுங்கி வழிவிடும் மரியாதை.
இரவு பதினொன்றுக்கு இங்கே யார் கேட்க?
இரண்டு லட்சமாக்கினேன்.
நிமிடம் எழுநூறுக்கு இறங்கியது,
சூடு ஐம்பத்து மூன்றுக்கு ஏறியது.
மே மாதத்து வேலூரில் ஏ.சி.க்கும் மூச்சு வாங்கும்.

"கலைச்சுட்டு மறுபடி கட்டு.
எல்லாம் சுத்தம்னு ஒரு வார்த்தை சேர்த்துடு,
நொடியில முடியும்" என்றான் போனில் இம்தியாஸ்.
அடித்தும்விட்டேன். என்டர் மட்டும் பாக்கி.

ஜன்னலுக்குக் கீழே, ஷட்டர் ஓரம்,
நாளைய முதல் டோக்கனுக்கு இப்போதே ஒருவர் படுத்திருக்கிறார்,
யாருடையதோ எக்ஸ்ரே உறையை
மடங்காமல் நெஞ்சின்மேல் வைத்து.

ஒரு தட்டு செத்தால்
மற்ற ஐந்தும் கூடி அந்த எலும்பைச் சொல்ல வேண்டும்.
இன்று பார்க்காமல் சாட்சி சொன்னவை
அன்று எதைச் சொல்லும்?

அழித்தேன், எழுத்து எழுத்தாக.
டேபிள் ஃபேனைத் தட்டுகள் பக்கம் திருப்பினேன்.
எனக்கு வேர்த்தது.
நூற்றுக்கு இரண்டு.