பதினொரு விநாடி

இரண்டு நாள் உட்கார்ந்து அந்தக் காயத்தைச் செய்தேன்.
மெழுகில் சதை, பீட்ரூட் பாகில் ரத்தம்,
ஓரத்தில் கொழுப்புக்கு ஒரு விரல் மஞ்சள்.
வாஜாவின் விலாவில் ஒட்டி முடித்ததும்
விளக்குப் பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
எனக்கு அதில் பெருமைதான்.

எத்தேரி கேமராவைக் கதவுக்கு எதிரே வைத்தாள்.
சாத்திய கதவு.
இந்தப் பக்கம் அடுப்பில் பால்.
உள்ளே ஒரு நாற்காலி நகர்ந்தது, அவ்வளவே.
பால் பொங்கி வழிந்து
அடுப்பை அணைத்தது.
யாரும் வரவில்லை.
"போதும்" என்றாள்.

திபிலீசி ஸ்டூடியோ கேன்டீனில்
காயத்தைக் கழற்றாமலே வாஜா
இரண்டு கிண்ணம் பீன்ஸ் தின்றான்.
ஒரு வாரம் நான் எத்தேரியோடு பேசவில்லை.

மார்ச்சில் மாஸ்கோவிலிருந்து கடிதம்:
'விலா எலும்பு வெளியே தெரியும்
பதினொரு விநாடிகளை வெட்டவும்.'

படச்சுருளை முன்னும் பின்னும் ஓட்டினோம்.
கதவு. பால். கதவு.
எத்தேரி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்,
கண்ணில் நீர் வரும்வரை.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் சதையோடு நிறுத்தியிருந்தேன்.
எலும்பை வைத்தது யார்?