இரண்டிலிருந்து நாலு வரை

பதினேழுக்கு மேல் ஏறவில்லை.
முப்பது வரும் என்று சொல்லி
விற்ற கிராபிக்ஸ் அட்டை.
சோரிக்தோ திரை முன்னால் உட்கார்ந்து
காய்ச்சல்காரனின் தெர்மாமீட்டரைப் பார்ப்பதுபோல்
அந்த இலக்கத்தையே பார்க்கிறான்.
பதினேழு. பதினாறு புள்ளி எட்டு. பதினேழு.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
அங்காரா ஆற்றிலிருந்து ஆவி எழுகிறது.
இர்கூத்ஸ்கில் கரண்டு தண்ணீர் விலை,
அதனால் எங்கள் தெருவில் பாதி வீடுகள்
இரவெல்லாம் இரைந்துகொண்டிருக்கும்
காசு தோண்டி.
பக்கத்து வீட்டு கலாக்தியோனிடம்
பதினான்கு அட்டைகள், குளியலறையில்.
அவர் குளிப்பதை விட்டு நாளாயிற்று.
எங்களிடம் ஒன்று. யாரோ ஆண்டு அனுபவித்தது.
தவணை இன்னும் ஐந்து பாக்கி.

முதலில் டிரைவரைச் சந்தேகித்தான்.
அழித்தான், புதியதைப் போட்டான்,
பழையதைப் போட்டான், மறுபடி புதியதை.
பிறகு கேபிளை.
பிறகு என்னை:
"இதில் படம் ஏதாவது பார்த்தாயா?"
விடிகாலை நாலு மணியிலிருந்து
பேக்கரியில் மாவு பிசைந்த மணிக்கட்டைக் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றி
சாப்பாட்டு மேசையில் கிடத்தினான்.
விசிறி இடுக்கில் நீலப் பஞ்சு, மஞ்சள் இழை.
துமேனின் கையுறைக் கம்பளி.
நவம்பரிலிருந்து அந்தச் சூட்டுக்கு மேலேதான்
கொடி கட்டியிருக்கிறேன்.
விரல் நுனியில் ஒரு திரி பஞ்சை எடுத்து
அவன் என்னைப் பார்த்தான்.
நான் சூப்பைப் பார்த்தேன்.

ஸ்பிரிட்டில் துடைத்தான்
(கலாக்தியோன் வந்து ஒருமுறை முகர்ந்துவிட்டு
ஏமாற்றத்தோடு போனார்).
பொருக்காய்க் காய்ந்த பசையைச் சுரண்டினான்,
மெமரி சில்லுகளுக்கு மேல்
புதுப் பட்டைகளை அளந்து வைத்தான்.
பிறகு மின்சக்தியை எழுபது சதமாக்கி
மையத்தின் வேகத்தைக் கீழே இழுத்து
மெமரியை மட்டும் மேலே ஏற்றினான்.
"குறைத்தால் எப்படிக் கூடும்?" என்றேன்.
"கத்துகிறவனுக்குக் கணக்கு வராது" என்றான்.

இருபத்திரண்டு.
இருபத்தாறு.
முப்பது புள்ளி நாலு!
துமேனைத் தூக்கித் தட்டாமாலை சுற்றியதில்
ஒரு பீங்கான் கோப்பை உடைந்தது. பரவாயில்லை.
அட்டைமேல் கை வைத்தேன்,
தூங்குகிற குழந்தையின் கன்னச் சூடு.
அவ்வளவுதான் இருந்தது.

அன்றிரவு கையுறைகள் காயவில்லை.
மறுநாளும்.
சுவரோரக் குழாய் பெயருக்குத்தான் வெந்நீர்க் குழாய்.
பனிச்சறுக்கு விளையாடப் போன பிள்ளை
ஈரக் கையுறைக்குள் விரல் சிவந்து திரும்பினான்.
சொல்லியிருக்கலாம்.
முப்பது புள்ளி நாலு என்று
அவன் தூக்கத்திலும் சொல்லிக்கொண்டிருந்தான்,
எப்படிச் சொல்வது?

ஒன்றரைக்கு அவன் டிராலிபஸ் பணிமனைக்குக் கிளம்புவான்.
இரண்டு மணிக்கு நான் வந்து உட்காருவேன்.
எழுபதில் நிற்கும் கோட்டை
நூறுக்குத் தள்ளுவேன்.
அட்டை விழித்து உறுமும், அறை வெதுவெதுக்கும்,
இலக்கம் சறுக்கிச் சறுக்கி
இருபத்தொன்றில் வந்து குந்தும்.
கையுறைகளிலிருந்து ஆவி எழும்,
எங்கள் வீட்டுக்குள்ளும் ஓர் அங்காரா.
நாலு மணிக்குக் கோட்டைப் பழையபடி வைத்து
பஞ்சை ஊதிவிட்டு எழுந்துவிடுவேன்.
துமேனும் யாரிடமும் சொல்லமாட்டான்,
அவனுக்குச் சூடான கையுறை போதும்.

ஆனால் நோட்டுப் புத்தகத்தில் அவன் எழுதுகிறான்:
'இரண்டிலிருந்து நாலு வரை சரிவு. தினமும்.
ஞாயிறு மட்டும் இல்லை. காரணம் தெரியவில்லை.
வோல்டேஜா? கலாக்தியோனா?'

பாவம், கலாக்தியோனிடம் போய்ச் சண்டையும் போட்டான்.

நேற்று அதற்குக் கீழே, வேறு மையில்:
'ஞாயிறு மட்டும் கையுறை ஈரம்.'
கேள்விக்குறி இல்லை.

இன்று இரண்டு மணிக்கு உட்கார்ந்தேன்.
கோடு ஏற்கெனவே நூறில் நின்றது.
கொடியில், துமேனின் கையுறைக்கு இடம் விட்டு,
ஓரமாக
அவனுடைய காலுறை ஒரு ஜோடி.