பத்துக்கு எத்தனை

வெளிநாட்டு விமர்சகர்கள் ஏழு கொடுத்துவிட்டார்கள்.
"மூடுபனி அபாரம். கதவை ஓயாமல்
பழுதுபார்ப்பதுதான் அலுப்பு."
எனக்கு விடியும்வரை கெடு.

சாட்ஸ்வொர்த், மூன்றாம் மாடி.
திரையில் ஓட்டை கார், ஆளில்லாக் காடு,
பின்னாலேயே வரும் புயல்.
பெட்ரோல் முள் சிவப்பைத் தொட்டபோது
சிப்ஸ் தின்றுகொண்டிருந்த பூபாலன் சொன்னான்:
"இதில் முள்ளாவது உண்மை பேசுகிறது."
அவன் கொரோலாவில் அது
மூன்று வருடமாய் அரை டாங்கிலேயே நிற்கிறது.

கதவுக்கு டேப் ஒட்டினேன்.
வைப்பரைப் போட்டால் ரேடியோ அணைகிறது.
ஏனென்று கண்டுபிடிக்க நாற்பது நிமிடம்.
குறித்துக்கொண்டேன்,
குறையா நிறையா என்று எழுதாமல்.

தப்பிக்கும் வாசல் நூறு மீட்டரில் ஒளிர்ந்தது.
மணி பத்து.
முறை வைத்த மின்வெட்டு.
சேமித்திருக்கவில்லை.

இருட்டில் பூபாலன் சிரிக்கும் சத்தம்,
சாவியைத் தேடும் சத்தம்.
துறைமுகத்தில் அவனுக்கு இரவு ஷிப்ட்.
கீழே கொரோலா இருமி, இருமி,
மூன்றாவது தடவை பிடித்தது.
தூறலில் ஒற்றை விளக்கோடு
சரிவில் இறங்கிப் போனதை
வளைவில் மறையும்வரை
சன்னலில் நின்று பார்த்தேன்.

போனில் நாலு சதவீதம்.
ஆசிரியருக்கு அனுப்பினேன்:
எட்டரை.
கதவு அலுக்கவில்லை.