எடைக்குப் போட்ட வண்டி

களஞ்சியத்தில் பதினேழு வருடம்.
ஏர் ஃபில்டருக்குள் எலி குட்டி போட்டிருந்தது.
"பழைய இரும்பு விலை கொடு, போதும்" என்றேன் ராட்மிலாவிடம்.
பேரமே பேசவில்லை அவள்.
அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பனிக்காலம் முழுக்க
அவள் கொட்டகையில் விளக்கெரிந்தது.
இறுகிப்போன பிஸ்டனை
மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி எடுத்தாளாம்.
பாயிண்ட் இடைவெளியைச்
சிகரெட் தாளால் அளந்தாளாம்.

இன்று மொராவியச் சேற்றில் நாற்பது வண்டிகள்.
ஆமணக்கெண்ணெய் கருகும் வாசம் முதலில் வந்தது,
பிறகு சத்தம்:
தகர டப்பாவுக்குள் குளவிக்கூட்டம்.

மூன்றாம் சுற்றில் ஆக்சிலரேட்டர் கேபிள் அறுந்தது.
அறுந்த முனையைக் கையுறையில் சுற்றி
இழுத்து இழுத்தே
மேட்டை ஏறினாள்.

பதினொன்றாவது இடம்.

வளைவில் என் முகத்தில் அடித்த சேற்றை
இன்னும் துடைக்கவில்லை நான்.
எடைக்குத் தருவாளா?